என் தோளில் தூங்குகிறவள்

உட்கார்ந்த உடனே ஒருத்தி தூங்கிவிட முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன். பல்கலைக்கழகத்துக்குப் போகிற சாயங்கால ரயிலில், என் இடது தோளின் மேலேயே அது நடந்தது. நான் கலர்ப் பேனாவும் கையுமாகப் பாடப்புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன். இவள் கும்பகர்ணனின் கூடப்பிறந்தவள் மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள். பரீட்சை முடிவு வந்தால் என்னைவிடப் பத்து மார்க் கூடுதலாக வாங்கியிருப்பாள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

நான் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். "மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, இப்ப விடுங்க." இதைத்தான் காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்கிறேன். ஜன்னல் இல்லாத அறை, கதிர் படாமலிருக்க நான் மாட்டிக்கொள்கிற ஈயக் கோட்டு, பயந்துபோன முகங்கள். எத்தனையோ பேருடைய நெஞ்சுக்குள் பார்த்திருக்கிறேன். ஆனால் பார்த்ததைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது. ஒருநாள் வாய் தவறி ஏதோ சொல்லிவிட்டேன். "படம் எடுக்கிறதோட உங்க வேலை முடிஞ்சுது சிஸ்டர்," என்றார் ஒரு குட்டி டாக்டர். மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். அன்றைக்கு முடிவு செய்தேன், படிக்கிறேன் என்று. பொது சுகாதாரத்தில் முதுகலை. வேலைக்குப் போகிறவர்களுக்கென்று மாலை வகுப்பு.

சொல்வது சுலபம். ஈயக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு ஓடிப்போய் ரயிலைப் பிடிப்பவளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். எதிர்ப்பக்கம் போகிற வண்டியில் எல்லாரும் வீட்டுக்குப் போவார்கள். நான் மட்டும் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போவேன். தண்டவாள ஓரத்து வீடுகளில் விளக்குப் போட ஆரம்பித்திருப்பார்கள். ஒரு வீட்டு ஜன்னலோரத்தில் ஓர் அம்மாள் எப்போதும் காலை நீட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பாள். முன்பின் தெரியாத அந்த அம்மாள் மேல் எனக்கு அத்தனை பொறாமை. அந்த நீட்டின காலைப் பார்த்தாலே எரிச்சலாக வரும்.

இவள் கதைக்கு வருகிறேன். இவள் ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைகிற பிரிவில் வேலை செய்கிறாள். விடியுமுன்னே வேலைக்குப் போகிறவள். பேச்சு வாக்கில் கிட்டே வந்தால் ஈஸ்ட் வாசனை அடிக்கும். பாக்கெட் போட முடியாத உடைந்த பன்களைப் பை நிறையக் கொண்டுவந்து வகுப்புக்கே கொடுப்பாள். அதனால் எல்லாரும் அவளைப் 'பன்னு' என்று கூப்பிட்டார்கள். நான் மனதுக்குள் கூப்பிட்டது 'தூங்குமூஞ்சி'.

எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. அவள் எனக்கு இரண்டு நிலையம் முன்னாலேயே ஏறுவாள். பக்கத்து இருக்கையில் பையை வைத்து எனக்கு இடம் பிடிப்பாள். யார் வந்து கேட்டாலும், முறைத்தாலும் அசைய மாட்டாள். நான் வந்து உட்கார்ந்ததும், "வந்துட்டீங்களா அக்கா?" என்று ஒரு சிரிப்பு. அடுத்த நொடி தலை என் தோளில். இறங்க வேண்டிய நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இரும்புப் பாலம் வரும். அதில் வண்டிச் சத்தம் மாறும். அந்தச் சத்தம் கேட்டதும் நான் அவள் முட்டியில் இரண்டு தட்டுத் தட்டுவேன். எழுந்துவிடுவாள். இடம் பிடிப்பது அவள் வேலை, எழுப்புவது என் வேலை. இரண்டு வருடமாக ஒருநாளும் தவறியதில்லை.

அவள் மார்க் மேல் மட்டும்தான் பொறாமை என்றால் தேவலை. எனக்கு அவள் தூக்கத்தின் மேலேயே பொறாமை. நான் படுத்தால் கண்ணுக்குள் மணல் கொட்டின மாதிரி இருக்கும். வகுப்பில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும். அவள் அதை வகுப்பிலேயே கேட்டிருப்பாள். பேராசிரியை அம்மாவும் "அருமையான கேள்வி" என்று சொல்லியிருப்பார்கள். அந்த அம்மா லேசில் யாரையும் பாராட்டுகிறவர் இல்லை. என்னைப் பார்த்து இதுவரை சொன்னதெல்லாம் "ம்" மட்டும்தான்.

வீட்டில் சொல்லிப் புலம்பினால் என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு. அவர் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர், எல்லாவற்றிலும் குளிர்ச்சி.

"ஒருநாள் உன்னையே ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாரேன். வயித்துல அடுப்பு எரியறது பளிச்சுன்னு தெரியும்."

"நெருப்பெல்லாம் எக்ஸ்ரேல தெரியாது."

"தெரியாதுல்ல? அப்ப எதுக்குப் பக்கத்துல இருக்கிறவனையும் சேர்த்துச் சுடறே?"

இப்படி இருக்கும்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. பேராசிரியை அம்மா தன்னிடம் ஆராய்ச்சி செய்ய, வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் ஒரே ஓர் ஆளை எடுத்துக்கொள்ளப் போகிறார். விருப்பமுள்ளவர்கள் நேரில் வந்து தங்கள் ஆராய்ச்சியைப் பற்றிப் பேச வேண்டும். நாற்பது வயது தாண்டக் கூடாது. எனக்கு அடுத்த மாதம் நாற்பது முடிகிறது. இதை விட்டால் பிறகு ஈயக் கோட்டுதான், குட்டி டாக்டர்தான், மூச்சை இழுங்க விடுங்கதான்.

பெயர் கொடுத்தது இரண்டே பேர். நானும் அவளும்.

எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தும் எடுக்க வராமலே போகிறவர்களைப் பற்றி நான் யோசித்து வைத்திருந்தேன். அவர்கள் ஏன் வருவதில்லை, எங்கே போகிறார்கள். நல்ல விஷயம்தான், இல்லையென்று யாரும் சொல்ல முடியாது. அவள் எடுத்துக்கொண்டது மாவுத் தூசி. ரொட்டித் தொழிற்சாலையில் வருடக்கணக்காக மாவைச் சுவாசிப்பவர்களுக்கு மூச்சு என்ன ஆகிறது என்பது. ஒருநாள் ரயிலில் எனக்கு நாலு வார்த்தையில் சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். நான் மீதித் தூரம் முழுக்கப் புத்தகத்தில் ஒரே வரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கே தெரிந்துவிட்டது, இடம் அவளுக்குத்தான்.

பேச வேண்டிய நாள் வந்தது. பேராசிரியை அம்மா அன்று சாயங்காலமே வெளியூர் கிளம்புகிறார், அதனால் தாமதமாக வந்தால் கேட்க மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ரயிலில் ஏறினேன். வழக்கம்போலப் பை, சிரிப்பு, "வந்துட்டீங்களா அக்கா?", தோளில் தலை. இவளுக்குப் பதற்றம் என்று ஒன்று கிடையாதா? நான் விடியற்காலையிலிருந்து பேச வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்ததில் சாப்பிடவே மறந்துவிட்டேன். இவள் சட்டையில் பன் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது!

பாலம் வந்தது. சத்தம் மாறியது.

என் கை அசையவில்லை. சத்தியமாக நான் திட்டம் போட்டு வரவில்லை. கை மடியிலேயே கிடந்தது, நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுப்பாமல் இறங்கிப் போய்விட்டால் என்ன என்று தோன்றியது. ஆனால் இறங்க வேண்டுமென்றால் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் தோள் நகரும், தலை சரியும், விழித்துக்கொள்வாள். விழித்தால் இரண்டு பேரும் இறங்குவோம். இரண்டு பேரும் இறங்கினால் அவள்தான் ஜெயிப்பாள். வண்டி நின்றது. கதவு திறந்தது. எங்கள் வகுப்புக்காரர் ஒருவர் இறங்கி நடந்து போவது தெரிந்தது. நான் மூச்சை இழுத்து அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு மூடியது.

தன் மூக்கை அறுத்துக்கொண்டாவது எதிராளிக்குச் சகுனத் தடை செய்வார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவளை ரயில் ஜன்னல் கண்ணாடியில் நேருக்கு நேராக அன்றுதான் பார்த்தேன். மூக்கும் போயிற்று, ரயிலும் நிற்கவில்லை.

கடைசி நிலையத்தில் துடைப்பத்தோடு ஓர் அம்மாள் ஏறி, "இறங்குங்கம்மா, வண்டி இதுக்கு மேல போகாது," என்று அதட்டினாள். என் தோளில் இருந்தவள் தலையைத் தூக்கிச் சுற்றுமுற்றும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நானும் கண்ணசந்துட்டேன்டி," என்றேன். பொய் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். நடைமேடையில் இறங்கிப் போனை எடுத்துப் பேராசிரியை அம்மாவைக் கூப்பிட்டாள்.

"மேடம், நான் வண்டியில தூங்கிட்டேன். என்னால அக்காவும் மாட்டிக்கிட்டாங்க. தப்பு என்னோடதுதான்... சரி மேடம்... ஒருத்தரைக் கேக்கத்தான் நேரம் இருக்குமா? அப்ப அக்காவைக் கேளுங்க மேடம். எனக்கு அடுத்த வருஷமும் இருக்கு, அவங்களுக்கு இல்ல."

போனை வைத்துவிட்டு, "எதிர் வண்டி நிக்குது, ஓடுங்க அக்கா," என்று கூடவே ஓடிவந்தாள்.

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வெட்கம், தாமதமாக வரும் விருந்தாளி மாதிரி, வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு மெதுவாக வந்தது. அடுத்த வருடம் அந்த அம்மா ஆள் எடுப்பார்களா என்பது யாருக்குத் தெரியும்? அது அவளுக்கும் தெரியும்.

"கொஞ்சம் கண்ணை மூடுங்க அக்கா. பேசறதுக்குத் தெம்பு வேணும். நான் முழிச்சிருக்கேன்."

"எனக்குத் தூக்கம் வராதுடி."

"தெரியும். வந்திருந்தா வரும்போதே வந்திருக்கும்."

"என்ன சொல்றே?"

"பாலத்துச் சத்தத்துக்கே எனக்கு முழிப்பு வந்துருச்சு அக்கா. ரெண்டு வருஷப் பழக்கம். தட்டுவீங்கன்னு கண்ணை மூடிக்கிட்டே இருந்தேன். நீங்க தட்டல. தோள் கல்லு மாதிரி இருந்துச்சு."

அந்த ரயிலிலிருந்து குதித்துவிடலாம் போலிருந்தது. கூடவே கோபமும் வந்தது, வராமல் இருக்குமா? "முழிச்சிருந்தியா? அப்புறம் ஏன்டி எந்திரிக்கல? நீயாவது போயிருக்கலாமே!"

"நீங்க இறங்கினா நானும் பின்னாலயே இறங்கி உங்களை நல்லா நாலு கேள்வி கேக்கணும்னு இருந்தேன்." அவளுக்கும் குரல் ஏறியது. "நீங்க இறங்கல. என்னைக் கூட்டிட்டும் போகல, விட்டுட்டும் போகல. என்ன பண்றதுன்னு எனக்கே தெரியல. அதுக்குள்ள கதவு மூடிருச்சு. கோவம்னா கோவம், அப்படி ஒரு கோவம் எனக்கு. கடைசி ஸ்டேஷன் வரைக்கும் மனசுக்குள்ள உங்களைத் திட்டிக்கிட்டேதான் வந்தேன்."

"திட்டினவ எதுக்குடி எனக்காகப் பேசினே?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "திட்டிட்டே யோசிச்சேன். எனக்கும் அந்த இடம் வேணும்தான் அக்கா. ஆனா தோள் அப்படிக் கல்லாகிற அளவுக்கு வேண்டாம். உங்களுக்கு அவ்வளவு வேணும்போல. எடுத்துக்கோங்க."

"மன்னிச்சிடு" என்பது சின்ன வார்த்தைதான். அதைச் சொல்ல எனக்கு ஒரு நிலையம் முழுக்கத் தேவைப்பட்டது. சொன்னேன். "ம்," என்றாள், அந்தப் பேராசிரியை அம்மா மாதிரியே.

பேராசிரியை அம்மா பெட்டியும் கையுமாக அறையில் நின்றுகொண்டிருந்தார். நின்றபடியே கேட்டார். நான் நன்றாகத்தான் பேசினேன். குட்டி டாக்டரைப் பற்றியும், படம் எடுக்க வராதவர்களுக்காகக் காத்திருக்கும் காலி அறையைப் பற்றியும் பேசினேன். பாதியில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முடித்ததும், "சரி, ஊருக்குப் போயிட்டு வந்ததும் ஆரம்பிக்கலாம்," என்றார். அவ்வளவுதான். இரண்டு வருடம் ரயிலில் நான் தூங்காமல் வந்ததெல்லாம் அந்த ஒரு வரிக்காக.

வெளியே நீளமான தாழ்வாரத்தில் யாருமே இல்லை. ஒரே ஒரு பெஞ்சு. அதில் அவள் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் பை. ஆளே இல்லாத தாழ்வாரத்தில், காலிப் பெஞ்சில், எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் முட்டியில் இரண்டு தட்டுத் தட்டினேன்.

கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "கிடைச்சுதா அக்கா?"

"கிடைச்சுதுடி."

"அப்பாடா," என்றாள். தலை என் தோளில் வந்து விழுந்தது. அவளுக்குக் கிடைத்திருந்தால் இந்த 'அப்பாடா' என் வாயிலிருந்து வந்திருக்குமா என்று மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. பாவி, அதிலும் என்னை முந்திவிட்டாள்.