ஏட்டையா சுட்ட பிஸ்கட்

சத்துமாவு பாட்டிலின் மூடியைக் கவிழ்த்து, தட்டையாகத் தேய்த்த மாவின் மேல் வைத்து அழுத்தி, ஒரு திருகு திருகி எடுப்பார் அப்பா. வட்டமாக ஒரு வில்லை கிடைக்கும். அதைத் தட்டில் வைத்துவிட்டு, முந்தைய வில்லைக்கும் இதற்கும் இடைவெளி சரிதானா என்று குனிந்து பார்ப்பார். கொஞ்சம் விலகி இருந்தாலும் விரலால் தள்ளி வரிசைக்குக் கொண்டுவருவார். தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். அணிவகுப்பில் பழகிய கண், பிஸ்கட்டை மட்டும் கோணலாக நிற்க விடுமா? நான் அடுக்களை வாசலில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பேன். "என்ன தாயி, பல்லு வெளிய தெரியுது?" என்பார், திரும்பிப் பார்க்காமலே.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கே அவர் ஏட்டையாதான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. மீசையும் அப்படி, குரலும் அப்படி. வேலையில் இருந்த காலமெல்லாம் அடுக்களைக்குள் அவர் தலையைக் காட்டியதே இல்லை. குடிக்கிற தண்ணீரைக்கூட அம்மா மொண்டு கொண்டுபோய்க் கையில் கொடுக்க வேண்டும். அப்பேர்ப்பட்டவர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு மாவு பிசைய வந்தது, அம்மாவின் நாக்கு செத்துப்போனதால்.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்து, மதுரையில் வைத்தியம் நடந்த வருஷம் அது. மருந்து கட்டியைக் கரைத்தது. கூடவே ருசியையும் கொண்டுபோய்விட்டது. சோறு, ரசம், எங்கள் ஊர் மாம்பழம், எதைக் கொடுத்தாலும் அம்மா சொல்வது ஒன்றுதான்: "மண்ணு மாதிரி இருக்கு." இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. கையில் கிடந்த வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. "இப்படியே போனா உடம்பு தாங்காது. அடுத்த ஊசி போட முடியாது. எப்படியாவது சாப்பிட வைங்க" என்று டாக்டர் அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

முதலில் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சிப் பார்த்தோம். ஆஸ்பத்திரியில் சொன்னதுதான். அம்மா கிண்ணத்தை முகர்ந்துவிட்டு, "குதிரைக்கு வைக்கிறத எனக்கு வைக்கியளா?" என்று தள்ளிவிட்டாள். நோயாளியாய்ப் படுத்திருந்தாலும் வாய்த்துடுக்குக்குக் குறைச்சல் இல்லை. அப்போதுதான் அப்பாவுக்குப் பழைய ஞாபகம் வந்திருக்கிறது. கல்யாணமான புதிதில் டியூட்டி முடிந்து வரும்போது க்ரீம் பிஸ்கட் வாங்கி வருவாராம். அம்மா அதை இரண்டாகப் பிரித்து, க்ரீமை மட்டும் நக்கித் தின்றுவிட்டு, வெறும் பிஸ்கட்டை இவர் கையில் திணிப்பாளாம். "கஞ்சியாக் குடுத்தாத்தான ஒதுக்குதா? பிஸ்கட்டாக் குடுத்தா என்ன செய்வா?" என்றார். சொன்னதோடு நிற்காமல் பக்கத்து வீட்டு ராஜம்மாவிடம் போய் அவர்கள் வீட்டில் கேக் சுடுகிற மின் அடுப்பை இரவல் வாங்கி வந்துவிட்டார். "ஏமி ஏட்டையா, பேக்கரி போடப் போறீங்களா?" என்று அந்தம்மா தெலுங்கு கலந்து கேட்டது தெரு முழுக்கக் கேட்டது.

முதல் தடவை ஈரத் தேங்காயைத் துருவிப் போட்டார். பிஸ்கட் பணியாரம் மாதிரி நமுத்துப்போய் வந்தது. அதற்குப் பிறகு கொப்பரை. ஓட்ஸை வெறும் சட்டியில் வாசம் வர வறுத்து, மிக்ஸியில் ஒன்றிரண்டாகப் பொடித்து, கொப்பரைத் துருவலும் கோதுமை மாவும் வெண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துப் பிசைவார். நடுவில் வைக்கிற க்ரீமுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. அது அம்மா பிறந்த ஊர். இங்கே கிடைப்பதெல்லாம் ஆகாது என்று வண்டியை எடுத்துக்கொண்டு அங்கேயே போய் வாங்கி வருவார். வெண்ணெயைக் குழைத்து, பால்கோவாவையும் பொடித்த சீனியையும் போட்டு, கை கடுக்க அடிப்பார். அம்மா பிஸ்கட்டைப் பிரித்து நக்கிப் பார்த்து, "நல்லாருக்குங்க" என்பாள். "பொய் சொல்றவுகள நான் எம்புட்டுப் பேரப் பாத்திருக்கேன். நெசத்தச் சொல்லு ஏட்டி" என்பார் அப்பா. அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "மண்ணுதாங்க" என்பாள். தட்டை எடுத்துக்கொண்டு போவார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் மாவு பிசைவார். எனக்கே அலுத்துவிட்டது. அவருக்கு அலுக்கவில்லை.

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அப்பா பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் திருவண்ணாமலைக்குப் போவார். தீபம் ஏற்றுகிற அந்த ஊர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் எங்கள் பெருமாள் மலை. இறங்கி வந்துதான் விரதம் விடுவார். அப்படி ஒரு சனிக்கிழமை விடியற்காலையிலேயே பிஸ்கட் சுட்டார். படத்தில் இருக்கிற பெருமாளுக்கு முதலில் வைத்துவிட்டு அம்மாவுக்குக் கொடுத்துப் பார்ப்போம் என்று ஓர் ஆசை. மற்ற நாளில் க்ரீமை ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். அன்றைக்கு விரதம், சாமிக்கு வைக்கிறதை ருசி பார்க்கவும் கூடாது. என்னையும் பார்க்க விடவில்லை. "எச்சில் பண்ணிராத தாயி" என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்துக்கொண்டார். துளசி வைத்து, சூடம் காட்டி, தட்டோடு அம்மாவின் கட்டிலுக்குப் போனார்.

அம்மா வழக்கம்போலப் பிரித்தாள். நக்கினாள். முகம் எட்டுக் கோணலாகப் போயிற்று.

"ஆத்தாடி! என்னத்தங்க போட்டிய? உப்புக் கரிக்குது!"

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. நான் ஓர் ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டேன். உப்பளத்தை அள்ளித் தின்றது போல இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் விஷயம் விளங்கியது. அடுக்களை அவர் கைக்கு வந்ததும் அம்மாவின் கல்லுப்பு ஜாடியை ஒதுக்கிவிட்டுத் தூள் உப்பு வாங்கியிருந்தார். எல்லாவற்றுக்கும் யூனிஃபார்ம் மாட்டிவிட்டாற்போல ஒரே அளவுக் கண்ணாடி பாட்டில்கள். சீனிப் பொடியும் உப்பும் பக்கத்துப் பக்கத்தில் ஒன்றுபோல நின்றன.

"அப்பா, சீனின்னு நெனச்சு உப்பப் போட்டிருக்கிய" என்றேன். "பெருமாளுக்கும் அதையா வச்சேன்?" என்று அப்பா தட்டைப் பிடுங்கிக்கொண்டு நடந்தார். வாசல்படியில் அப்படியே நின்றார். மெதுவாகத் திரும்பினார்.

"ஏட்டி, இப்ப என்ன சொன்ன?"

"உப்புன்னு…" என்று ஆரம்பித்த அம்மா பாதியில் நிறுத்திவிட்டாள்.

அப்பா வந்து கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "இன்னொன்னு நக்கிப் பாரு. மண்ணு மாதிரி இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லு. உப்பா?" ஸ்டேஷனில் விசாரிக்கிற குரல்தான், ஆனால் நடுங்கிற்று. அம்மா இன்னொன்றைப் பிரித்து நாக்கில் வைத்தாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. "கரிக்குதுங்க. நெசமாவே கரிக்குது" என்றாள்.

அப்பா அம்மாவின் கையிலிருந்ததை வாங்கித் தன் வாயில் போட்டு மென்றார். "அப்பா, மலைக்குப் போகணும்லா, விரதம்…" என்றேன். "போவோம் தாயி. அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரு" என்றார். வாய் மெல்ல, மீசை நனைந்துகொண்டிருந்தது. அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். எனக்கும் தாங்கவில்லை, மூன்று பேரும் அந்த உப்புப் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே அழுதோம். மத்தியானம் அம்மா ரசஞ்சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த ஊசியும் போட்டார்கள். அம்மா தேறி எழுந்தாள். அவளை எழுப்பி உட்கார வைத்துவிட்டு, சில வருஷம் கழித்து அப்பா ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். இப்போது அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னோடு இருக்கிறாள். நானும் அதே பிஸ்கட்டைச் செய்து கொடுக்கிறேன். சீனிப் பொடி சரியான அளவு, கடையிலிருந்து அன்றன்றைக்கு வருகிற பால்கோவா. போன மாதம் ஒன்றைத் தின்று பார்த்துவிட்டு, "இனிப்பா நல்லாத்தான் இருக்கு" என்று பாதியைத் தட்டில் வைத்துவிட்டாள்.

மறுநாள் க்ரீமில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கொடுத்தேன். வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

"பத்தாது."