ரோஸ் கல் வைத்த இடங்கள்

எங்கள் வீட்டுக்காரருக்குப் பிளாஸ்டிக் கல் பைத்தியம். தலையில் குமிழ் வைத்த, ஒன்றன்மேல் ஒன்றை அழுத்தினால் கவ்விக்கொள்ளும், பிள்ளைகள் விளையாடுகிற அதே கல்தான். நில அளவை அலுவலகத்தில் கண்ணும் கருத்துமாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு, அந்தக் காலத்து லோரியும் பஸ்ஸும் கட்ட ஆரம்பித்தார். மேசை அவருக்குப் போனதும் நாங்கள் இருவரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். விருந்தாளி வந்தால் அவர்களுக்கும் மடிதான்.

அவருடைய கூட்டாளிகள் இதைக் கலை என்றார்கள். நான் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கிறவள். இருட்டில் தண்ணீர் குடிக்கப் போய் அந்தக் கலையை மிதித்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்கும் கொஞ்சம் விஷயம் பிடிபட்டது. வண்டி கட்டுகிறவர் முதலில் சக்கரத்தைத்தான் எடுப்பார். கிடைக்கிற சக்கரம் சில அளவுகளில்தான் இருக்கும் என்பதால், அதற்குத் தக்கபடி வண்டி முழுவதையும் சுருக்க வேண்டும். கட்டடம் என்றால் முதலில் கதவு. ஆள் நுழைகிற கதவின் உயரம் தெரிந்துவிட்டால் சுவர், கூரை, கடை முன்னால் போகும் ஐந்தடி நடைபாதை எல்லாம் அதிலிருந்து வந்துவிடும். பசை ஒட்டுவது அவர்களிடையே பெரிய பாவம். எந்தக் கல்லையும் எப்போது வேண்டுமானாலும் கழற்றி மாற்ற முடிய வேண்டும். சரியான நிறக் கல் கைவசம் இல்லையென்றால் வேறு ஏதாவது ஒரு நிறத்தை அந்த இடத்தில் வைத்துவிட்டு மேலே போவார்கள். பிறகு வாங்கி மாற்றிக்கொள்வார்கள். அதற்கு ரோஸ் கல்தான் தோது. பெண்பிள்ளைகளுக்கான பெட்டிகளில் அது நிறைய வரும், பழைய லோரிக்கும் கோப்பிக் கடைக்கும் ஒன்றுக்கும் ஆகாது. இவரிடம் இன்னொரு பிடிவாதமும் உண்டு. கட்டி முடியாத எதையும் யாரையும் படம் எடுக்க விடமாட்டார்.

கடைசியாக அவர் எடுத்துக்கொண்டது நான் பிறந்து வளர்ந்த வீட்டை.

அதை வீடு என்று சொல்வது அதிகம். கோலா கங்சார் போகும் பழைய சாலையில், ஒரு ரப்பர் தோட்டத்துக்குத் திரும்பும் முனையில் நின்ற பலகைக் கட்டடம். முன்பக்கம் அப்பாவின் சைக்கிள் கடை. பின்னால் ஒரே அறை. அதில் அப்பா, அம்மா, நான், இரண்டு தம்பிகள். தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. பிறகு சாலையை அகலமாக்கியபோது கட்டடமும் போய்விட்டது. ஒரு படம்கூட இல்லை. பஞ்சர் ஒட்டுகிற கடையை யார் நிற்கவைத்துப் படம் எடுப்பார்கள்? அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள். அங்கே இருந்தபோது தம்பிகளுக்கு எதுவும் நினைவில் தங்குகிற வயதில்லை. கேட்பதற்கு மிஞ்சியிருந்தவள் நான் ஒருத்திதான்.

எனக்கோ அந்த இடத்தின் மீது எந்தக் கனிவும் கிடையாது. அதற்குக் காரணம் அந்த இடம்கூட இல்லை, என் மாமியார். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா காலத்திலிருந்தே கிராணியாகக் கணக்கெழுதும் வேலை, ரயில்வே வேலை என்று வெள்ளைச் சட்டை கசங்காதவர்கள். நான் ஈப்போ மருத்துவமனையில் தாதியாக இருந்தபோது இவர் விரும்பிக் கட்டிக்கொண்டார். மாமியார் ஒரு நாளும் என்னைத் திட்டியதில்லை. கேள்விதான் கேட்பார், அதுவும் வீட்டில் ஆள் இருக்கும்போது.

"உங்கட வீட்டில கக்கூசு உள்ளுக்கோ, வெளியிலயோ?"

"வயசுக்கு வந்த பிள்ளையும் அதே அறையிலதானோ படுக்கிறது?"

வெள்ளந்தியாக ஆரம்பத்தில் பதில் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதைக் கவனித்த நாளிலிருந்து என்ன கேட்டாலும் "தெரியல, மறந்து போச்சு" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகவில்லை.

இவர் அந்தக் கட்டடத்தை ஆரம்பித்ததும் கேள்விகள் வந்தன. கல்யாணமாகி இத்தனை வருடம் ஈப்போவில் இருந்தும் என்னைக் கூப்பிடுவது "இஞ்சேரும்" என்றுதான்.

"இஞ்சேரும், கடைக் கதவு மடிக்கிற கதவோ, பலகை பலகையாச் செருகிற கதவோ?"

"ஆளு நுழையற மாதிரிதான் இருந்துச்சு."

"பின் அறையில ஜன்னல் எந்தப் பக்கம்? உமக்கு ஞாபகம் இருக்கும்."

"இல்ல. ஏதோ ஒன்ன வைங்க."

"நீர் எங்க படுக்கிறனீர்?"

தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன். அவர் மறுபடி கேட்கவில்லை. மேசைப் பக்கம் திரும்பிக் கல்லை அழுத்தும் 'டக்' சத்தம் மட்டும் கேட்டது. அவர் குரலில் அவருடைய அம்மா துளிகூட இல்லை. அது இப்போது தெரிகிறது. அப்போது எனக்குக் கேட்டதெல்லாம் அந்த அம்மாளின் குரல்தான்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நானாகச் சொன்னேன். கடை முன்னால் நிற்கும் டாக்ஸி. கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை; தோட்டத்து ஆட்களைப் பட்டணத்துக்கு ஏற்றிப்போகும் வண்டி. அதன் பின்பெட்டி சரியாக மூடாது, சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டி வைத்திருப்பார்கள். தாதிப் பயிற்சிக்கு என்னை அங்கிருந்து ஏற்றிக்கொண்டு போனது அந்த வண்டிதான், அதனால் அதைப் பற்றிச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அவர் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். அதற்குப் பிறகு பல நாள் அந்த டாக்ஸியையே கட்டினார். கற்களைப் படுக்கவைத்தும் பக்கவாட்டில் திருப்பியும் அந்த உருண்டை முகப்பைக் கொண்டுவந்துவிட்டார். பின்பெட்டியில் நிஜ ரப்பரில் ஒரு கீற்றும் கட்டியிருந்தார். "எப்பிடி?" என்று காட்டினார். "நல்லாருக்கு" என்றேன். இன்னும் ஏதாவது சொல்வேன் என்று நின்றார். எனக்கு அடுப்பில் குழம்பு இருந்தது.

போன வருடம், சந்தைக்குப் போய்வந்து மீனைக் கழுவும் தொட்டியில் வைத்தவர் அங்கேயே சாய்ந்தார். மாரடைப்பு. எத்தனையோ பேரை அந்த நிலையில் பார்த்துக் கையாண்டவள் நான். எனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தேன், பலிக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து அவருடைய கூட்டாளி ஒருவர் வந்தார். டயர் கடையில் வேலை, நாற்பது வயதிருக்கும், இவரோடு சேர்ந்து கல் கட்டுகிறவர். பள்ளி விடுமுறையில் ஈப்போவில் ஒரு பேரங்காடியில் கண்காட்சி வைக்கிறார்களாம்.

"அண்ணனோட கடைசி வேலைய அங்க வைக்கணும்கா. கொஞ்சந்தான் பாக்கி, நான் முடிச்சுத் தாரேன்லா. நீங்க ஒன்னும் செய்ய வேணாம்."

எனக்கும் மேசை திரும்பக் கிடைக்கட்டும் என்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேனே. அந்தத் துணி போர்த்திய மேசையைத் தாண்டி நடப்பது கஷ்டமாக இருந்தது.

துணியை எடுத்தார். நான் அதுவரை அதைக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. பழுப்புப் பலகைச் சுவர், துருப்பிடித்த தகரக் கூரை, முன்னால் டாக்ஸி. கூரையைத் தூக்கினால் உள்ளே கடையும் அறையும். அங்கங்கே ரோஸ் கல். கதவு இருக்க வேண்டிய இடத்தில், அறையின் சுவரில், தரையில், பின்படியில் என்று அம்மை போட்ட முகமாக இருந்தது.

"பழுப்பு கல்லு தீந்து போயிருக்கும்கா. பாவம், ரோஸ வச்சு ஓட்டியிருக்காரு. நான் என் கல்லையே கொண்டாந்திருக்கேன்."

நான் தேத்தண்ணி கலக்கப் போனேன். அவர் சிறிய நெம்புகோல் ஒன்றால் ரோஸ் கற்களைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டுத் தன் கற்களை வைத்தார். வேலை தெரிந்த கை. கதவு இடத்தில் மடிக்கிற கதவு வந்தது. வலதுபக்கச் சுவரில் ஜன்னல் வந்தது. தரை ஒரே நிறமாயிற்று. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது, முன்பின் அங்கே போகாத யாரும் குறை சொல்ல முடியாது.

மிச்சக் கல்லை எடுத்து வைப்பதற்காக மேசைக்கு அடியில் இருந்த இழுப்பறையைத் திறந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, இங்க பாருங்க. பழுப்பு நெறய இருக்கு. சாம்பல், கறுப்பு, எல்லாமே இருக்கு." ஒரு கை அள்ளிக் காட்டினார். "கல்லு இருக்கு. அப்புறம் ஏன் ரோஸ் வச்சாரு?"

எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ரோஸ் இருந்த இடங்களில் சில என் கண்ணில் இன்னும் இருந்தன. கதவு. ஜன்னல். நான் படுத்த இடம். கல் இல்லாத இடங்கள் அல்ல அவை, நான் "தெரியல" என்று சொன்ன இடங்கள். என்னிடம் கேட்டுவிட்டு, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும், அந்த 'டக்' சத்தத்தோடு ஒரு ரோஸ் கல்லை வைத்திருக்கிறார். இன்றைக்கு இவள் சொல்லவில்லை, இன்னொரு நாள் சொல்வாள் என்று. அவரே ஏதோ ஒன்றை ஊகித்துக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஏதோ ஒன்றை வைக்கச் சொன்னதும் நான்தான். மனிதர் வைக்கவில்லை.

கிண்ணத்தைப் பார்த்தேன். ஒரு பிடிக்கு மேல் இருந்தது. அத்தனை முறை கேட்டிருக்கிறார் என்றால் எனக்கே நினைவில்லாத கேள்விகளும் அதில் இருந்தன. எது எங்கே இருந்தது என்று கழற்றியவருக்கும் தெரியவில்லை, படம் எடுக்கத்தான் இவர் யாரையும் விட்டதில்லையே.

"தப்பு பண்ணிட்டேனாக்கா?"

"நீங்க என்ன செய்வீங்க. ரோஸ் இருந்தா எடுத்துட்டு வேற கல்ல வைக்கறதுதானே உங்க வழக்கம்."

அவர் சங்கடத்தில் நெளிந்தார். என் முகத்தைப் பார்த்துப் பயந்திருப்பார் போல. ஏதாவது பேச வேண்டுமே என்பதற்காகக் கேட்டார்: "கதவு உண்மையில எப்படிக்கா இருந்துச்சு?"

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பலகை பலகையாகச் செருகுகிற கதவு என்றேன். ஒவ்வொரு பலகையின் பின்னாலும் அப்பா சுண்ணாம்பால் எண் போட்டிருப்பார், மழை நாளில் மரம் ஊதிக்கொண்டு கடைசிப் பலகை உள்ளே போகாது, நான்தான் முதுகைக் கொடுத்துத் தள்ளுவேன். ஜன்னல் வலதுபக்கம் இல்லை, இடதுபக்கம்; ஜன்னல் கம்பி கிடையாது, அதற்குப் பதில் சைக்கிள் சக்கரத்துப் போக்குக் கம்பிகளை வரிசையாக அடித்திருந்தோம். தரையில் பாதி சிமெண்டு, பாதி பலகை. பலகைப் பக்கம் குளிராது என்று தம்பிகளுக்குக் கொடுத்துவிட்டு நான் சிமெண்டில் பாய் போட்டுப் படுத்தேன். நான் பெரியவளான பிறகு அம்மா தன் சேலையைக் குறுக்கே கட்டி எனக்கென்று ஒரு மூலை செய்து கொடுத்தாள். கக்கூசு வெளியேதான். மழையில் போக டயர்களைப் பாதி பாதியாகப் புதைத்து அப்பா வழி போட்டிருந்தார், அதில் காலை வைத்து வைத்துத்தான் போவோம்.

நான் சொல்லச் சொல்ல அவர் கல்லைக் கழற்றி மாற்றிக்கொண்டே இருந்தார். ஒன்றும் மரியாதைக் குறைவாகக் கேட்கவில்லை, ஆனால் ஆசையாகவும் கேட்கவில்லை. நடுவில் ஒருமுறை கடையிலிருந்து போன் வந்தது. "சத்து ஜாம் போஸ், வந்துர்ரேன்" என்று ஒரு மணி நேரம் தவணை சொல்லி வைத்தார். தேத்தண்ணி அப்படியே ஆறிப்போனது. நான் நிறுத்தவில்லை. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை, யாரும் சிரிக்கவில்லை. சொல்வதற்கு அது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

கூரையை மூடினார். உள்ளேயும் வெளியேயும் எல்லாம் சரியாக இருந்தது. அந்தக் கட்டடத்தை அறிந்த யாரும் ஒரு குறை சொல்ல முடியாதபடி சரியாக இருந்தது.

"சரிக்கா, போயிட்டு வாரேன். கண்காட்சி நேரத்துல வந்து எடுத்துக்கிறேன்."

வாசல்வரை போய் அவரை அனுப்பிவிட்டு வந்தேன். வெயில் இன்னும் தூரத்துச் சுண்ணாம்புமலை மேல் இருந்தது. அந்த வீட்டைப் பற்றி எனக்கு எதுவுமே மறந்து போகவில்லை. எல்லாவற்றையும் சொல்லி முடிக்க ஒரு பிற்பகல்கூட ஆகவில்லை.