ஜெபம் என் முறைக்கு வந்தபோது

வடக்கே, பாணேரில் ஒரு கம்பெனி கேன்டீனில் தோசை போடுகிறேன். வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் பலர் நம் ஊர்க்காரர்கள். தங்களுக்குள் தமிழில் பேசிக்கொண்டே வந்து, என்னிடம் மட்டும் "பையா, ஏக் மசாலா" என்பார்கள். நானும் இந்தியிலேயே பதில் சொல்லிவிடுவேன். கல் காய்ந்துகொண்டிருக்கும்போது ஊர் விசாரிக்க முடியாது. அதனால் முதல் ஒன்றரை வருடம் நான் வாய் திறந்து தமிழ் பேசியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அதுவும் ஒரு பொய் சொன்னதால் கிடைத்தது.

தாபோடியில் அறை தேடிப் போனபோது சொன்ன பொய் அது. வீட்டுக்கார அக்காவுக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூடுதல் இருக்கும். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. கணவர் இறந்துவிட்டார், மகள் வெளிநாட்டில். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். அறையைக் 'கோலி' என்று மராத்தியில் சொன்னார்.

"கோலி காலியாத்தான் கிடக்கு. தம்பி சர்ச்சுக்குப் போவீங்களா?"

சுவரில் சிலுவை தொங்கியது. "போவேங்க்கா. கிறிஸ்தவன்தான்" என்றேன்.

சொல்ல நாக்குக் கூசவில்லை. எட்டாம் வகுப்போடு ஊரைவிட்டுக் கிளம்பியவன் நான். சூரத்தில் மில் விடுதியில் இருந்தபோது கையில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தேன். ஒரு குருத்வாராவில் தலையில் துணி கட்டி மூன்று மாதம் பாத்திரம் கழுவினேன். ஒரு தர்காவின் வராந்தாவில் ஒரு மழைக்காலம் முழுவதும் படுத்திருந்தேன். கேட்கிறவர் என்ன எதிர்பார்க்கிறாரோ அதைச் சொன்னால் படுக்க இடம் கிடைக்கும். நீ உண்மையில் என்ன நம்புகிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

ஞாயிறு காலை அக்காவோடு தமிழ் ஆராதனைக்குப் போவேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்வேன். மதியம் அக்கா வீட்டில் மீன் குழம்பு. சபைக்காரர்கள் நாலைந்து பேர் வருவார்கள். யார் பையனுக்கு எங்கே பெண் பார்த்தார்கள், வானவடியில் வாடகை எவ்வளவு ஏறிவிட்டது என்று சாயங்காலம் வரை பேச்சு ஓடும். எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பேச்சுதான்.

போன வருடம் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். புதன்கிழமை மாலை வீட்டில் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபம் செய்வது அவர்கள் வழக்கம். வேலையைச் சாக்காக வைத்து அதுவரை தப்பித்து வந்தேன். அன்று தப்ப மனம் வரவில்லை. லீவு போட்டுவிட்டுப் போனேன்.

முறை என்னிடம் வந்தது. கூட்டத்தை நடத்திய பெரியவர், "அடுத்து பிரதர்" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதிரே இருந்த அம்மாள் ஒரு கண்ணைத் திறந்து, "மீனுக்கு மொத ஆளு, ஜெபத்துக்கு மட்டும் வெக்கமாக்கும்" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள்.

வார்த்தைகள் எனக்குத் தெரியும். ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று தொடங்கி, ஆமென் என்று முடித்திருக்கலாம். எத்தனையோ இடத்தில் அப்படிச் சொன்னவன்தான். ஆனால் அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியிருந்தார். நிஜமாகவே பயந்திருந்தார்.

"எனக்கு ஜெபம் வராதுங்க" என்றேன். "நான் கிறிஸ்தவன் இல்ல."

பிறகு எனக்கு அடுத்திருந்தவர் தொடங்கினார். வழி தெரியாத இந்தச் சகோதரனையும் கண்ணோக்கிப் பாரும் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்.

எல்லோரும் போனபின் அக்கா டீ டம்ளர்களை அடுக்கியபடி கேட்டார்.

"ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சா போவும்? எனக்காகத்தான?"

"உங்களுக்குங்கிறதாலதான்க்கா பொய் சொல்ல முடியல."

"அப்ப நீங்க இந்துவா?"

"பொறந்தது அப்படி. இப்ப அதுவும் இல்ல."

"துலுக்கரா?"

"இல்லக்கா."

"பின்ன என்னதான் தம்பி? மனுசன் ஏதாவது ஒண்ணா இருக்கணும்லா? யாராவது கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"சாமி நம்பிக்கை இல்லாதவன்னு சொல்லுங்க."

நாற்பத்தெட்டு வயதில் என்னைப் பற்றி நானே சொல்லிக்கொண்ட முதல் பெயர் அது. சட்டை போல அளவு சரியாகத்தான் இருந்தது. சந்தோஷமாக இல்லை.

அக்கா ஈரக்கையோடு நின்றார். "இந்துன்னாகூடச் சரி. தீவாளிக்கு நீங்க பலகாரம் தருவீங்க, கிறிஸ்மஸுக்கு நான் தருவேன். இதுக்கு நான் என்ன செய்யது?"

"கோலியைக் காலி பண்ணிடவாக்கா?" என்றேன்.

"பைத்தியமா ஒமக்கு?" என்றார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு இனியும் வாருங்கள் என்று சொல்லவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சபைக்காரர்கள் முறைபோட்டுக்கொண்டு துணைக்கு இருந்தார்கள். ஞாயிறு காலை மட்டும் ஆள் இல்லை. எல்லோரும் ஆராதனைக்குப் போகவேண்டும். சனிக்கிழமை பெரியவர் என்னைப் போனில் கூப்பிட்டு, "பிரதர், உங்களுக்கு நாளைக்குக் காலையில வேலை ஒண்ணும் இருக்காதுல்லா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

கஞ்சி வைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். அக்கா நாலு வாய் குடித்தார். உப்பு கூடுதல் என்றார். பிறகு தூங்கினார். பத்து மணி வாக்கில் விழித்து, "இந்நேரம் பாட்டு முடிஞ்சு பிரசங்கம் ஆரம்பிச்சிருக்கும்" என்றார். "இருக்கும்க்கா" என்றேன். சலைன் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மதியம் அவர்கள் ஏழெட்டுப் பேராக வந்தார்கள். பெரியவர் என் தோளைத் தட்டினார். கட்டிலைச் சுற்றி நின்றார்கள். அக்கா என்னைப் பார்த்தார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். யாரோ கதவைச் சாத்தினார்கள்.

வராந்தாக் குழாயில் பாத்திரத்தைக் கழுவினேன். உள்ளே ஒவ்வொருவராக ஜெபம் செய்வது கேட்டது. எல்லாம் தமிழ். கழுவி முடித்த பிறகும், கடைசி ஆள் முடிக்கும்வரை அங்கேயே நின்றிருந்தேன்.