பஸ் ஸ்டாண்டு முனையில் ராணி

சிவாஜிநகர் ஜட்கா ஸ்டாண்டில் அந்த நாளில் பச்சைமுத்துவைத் தெரியாதவர் இல்லை. அவர் குதிரையை அதட்டினால் இருபது மைல் தள்ளி ஆனேக்கல்லில் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். அவருடைய சொந்தக் குதிரை ராணி மட்டும் அந்தக் குரலுக்கு மசியவில்லை. ஜீவனஹள்ளி வீட்டிலிருந்து நன்றாகத்தான் வரும். பஸ் ஸ்டாண்டு முனை வந்ததும் முட்டுக்கட்டை போட்ட தேர் மாதிரி நின்றுவிடும். சாட்டை விழுந்தால் இன்னும் கெட்டியாக நிற்கும்.

வருகிற சவாரியெல்லாம் கைவிட்டுப் போயிற்று. ராணியை விற்றுவிடலாம் என்று முடிவாகி, திங்கட்கிழமை தரகர் வருவதாக இருந்தார். குட்டியிலிருந்து வளர்த்த குதிரை. பச்சைமுத்துவின் மனைவி லட்சுமம்மா அடுப்புப் பக்கமே போகாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிறு காலை அவர் எங்கள் புத்த சங்கக் கொட்டகைக்கு வந்தது தியானம் பண்ண அல்ல, போன ஜென்மத்து வினையை விசாரிக்க. தன் மாமியார்தான் குதிரையாகப் பிறந்து பழி வாங்குவதாகச் சொன்னார். மாமியார் ஜோலார்பேட்டையில் உயிரோடு வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறாரே என்று எங்கள் கூட்டத்து முனிகிருஷ்ணன் கேட்டான். பச்சைமுத்து அதை யோசித்திருக்கவில்லை.

கூட்டத்தை நடத்துகிற வள்ளியம்மா மில்லில் நூல் சுற்றுகிறவள். "ஜென்மம் அப்புறம் இருக்கட்டும்ணா. இப்போ குந்து. மனசுல எது வந்தாலும், அதுக்கு முன்னாடி இன்னா வந்துச்சுன்னு மட்டும் பாரு" என்றாள்.

எங்கள் வழக்கமே அதுதான். உட்கார்ந்து எழுந்தபின் ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் முனிகிருஷ்ணன் தன் கோபத்தின் பின்னாலேயே போய், அதற்கு முன்னால் பசி, பசிக்கு முன்னால் பக்கத்து வீட்டு மீன் குழம்பு வாசனை என்று கண்டுபிடித்திருந்தான்.

உட்கார்ந்தோம். ஒருவர் இருமினார், அந்த இருமல் வரிசையாக எல்லோரையும் விசாரித்துவிட்டுப் போயிற்று. அப்புறம் தகரக் கூரைமேல் காக்கா யோசிப்பதுகூடக் கேட்கும் அமைதி. ரோட்டில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. நான் கண்ணைத் திறந்துவிட்டேன். பச்சைமுத்து கண்ணை மூடியபடியேதான் இருந்தார். மடியில் விரிந்திருந்த கை இரண்டும் முஷ்டியாகி நெஞ்சுப் பக்கம் இழுத்துக்கொண்டன. மறுபடி ஹாரன், மறுபடி கை. இந்தத் தடவை அவரே கண்ணைத் திறந்து தன் கையை யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி பார்த்தார்.

அவர் முறை வந்தது.

"ஹாரன் கேட்டுச்சு. பயம் வந்துச்சு. கை தானா இழுத்துக்கிச்சு." கையை மறுபடி திருப்பிப் பார்த்தார். "கடிவாள வாரை இழுத்தா குதிரை நிக்கத்தானே செய்யும்? நில்லுன்னு சொன்னதும் நானு, நின்னதுக்கு அடிச்சதும் நானு."

கடைசியில் வள்ளியம்மா எப்போதும் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு: இது இருந்தால் அது வரும், இது இல்லையென்றால் அது இல்லை. அன்றைக்கு அவள் அதைச் சொல்லவில்லை. தேவைப்படவில்லை.

உடனே வீட்டுக்குப் போய் வண்டி பூட்டினார். லட்சுமம்மாவும், கூடவே போன நானும் முனிகிருஷ்ணனும் ஏறிக்கொண்டோம். முனை வந்தது. ராட்சசன் மாதிரி ஒரு பஸ் ஹாரனை அலறவிட்டுக்கொண்டு எதிரே வந்தது. பச்சைமுத்துவின் கழுத்து வேர்த்தது, பயம் வழக்கம்போல வந்துவிட்டது. விரல்கள் மடங்கப் பார்த்தன. அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார். வார் தளர்ந்தது. ராணி அந்த பஸ்ஸை ஒரு ஈயைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு நடந்தது.

மைசூர் தசராவில் அம்பாரி யானை பார்த்தவன் நான். அங்கேகூட இப்படி வாயைப் பிளந்ததில்லை.

பச்சைமுத்து திரும்பவில்லை. "லட்சுமி, தரகரை வரவேணாம்னு சொல்லிடு" என்றார். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள்.