வெள்ளிக்கிழமைகளில் மங்கிய நட்சத்திரம்

சாம்பிராணிப் புகையை வைத்து ஒரு நட்சத்திரத்தின் தூரத்தை அளந்த முட்டாள், எனக்குத் தெரிந்து, உலகத்தில் நான் ஒருவன்தான்.

இரண்டாயிரங்களின் நடுவில், குளிர்நாட்டுப் புறநகரான மோர்டென்ஸ்ருட்டில் குடியிருந்தோம். வடக்குப் பார்த்த பால்கனி. மிளகாய் காயாது, ஆனால் பெப்ரவரியில் ஆறு மணிக்கே வானம் முழுக்க எனக்கு. அந்தக் குளிர்காலம் வானியல் மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தேன். சில நட்சத்திரங்கள் மூச்சு விடுவதுபோல விரிந்து சுருங்கும், பிரகாசித்து மங்கும் என்றார் ஆசிரியை. ஒரு மூச்சுக்கு நாள் கூடக்கூட அதன் உண்மையான ஒளியும் கூடும். உண்மையில் அவ்வளவு ஒளியுள்ளது கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தால், அது தொலைவில் இருக்கிறது. பக்கத்து விண்மீன் திரள்களுக்குள்ளும் இப்படி மூச்சு விடுபவற்றைத் தேடிப்பிடித்துத்தான் அவற்றின் தூரத்தை அறிகிறார்களாம். வடக்கு வானில் சீஃபியஸ் என்ற மண்டலத்தில் இருக்கும் அப்படி ஒரு நட்சத்திரத்தை எல்லோரும் அளந்து வரச் சொன்னார்.

எனக்குத் தலை சுற்றியது. ரயிலில் வீடு வரும்போது பனி மூடிய மரங்கள்கூட மெல்ல மூச்சு விடுவதுபோல் இருந்தது. மனைவியைப் பால்கனிக்குக் கூட்டிவந்து அதைக் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை ஒன்றே பிடித்துக்கொண்டது. நான் தொடங்கி முடிக்காத காரியங்களோடு பல வருடம் வாழ்ந்தவள் அவள்.

"முதல் அளந்து காட்டுங்கோ. பிறகு வாறன்," என்றாள்.

அளந்தேன். மேகமில்லாத மாலைகளில் தொப்பியும் பைனாகுலருமாக நின்றேன். வெள்ளிக்கிழமைகளில் நட்சத்திரம் தவறாமல் மங்கியது. ஏழு நாளுக்கு ஒரு மூச்சு! வகுப்பில் பெருமையோடு வரைபடத்தை விரித்தேன். மற்ற எல்லோருக்கும் ஐந்து நாளும் சொச்சமும் வந்திருந்தது. மூச்சு நீண்டுவிட்டதால் என் கணக்கில் நட்சத்திரம் உண்மையில் இருப்பதைவிட எங்கேயோ தள்ளிப் போயிருந்தது. பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டீர்களா என்று ஆசிரியை கேட்டார். பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பதை எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செய்ய வேண்டிய இடத்தில் நான் மட்டும் செய்யவில்லை.

அடுத்த வெள்ளி பால்கனியில் நின்றபோது முதுகுக்குப் பின்னால் கதவு திறந்தது. வாரந்தோறும் நடப்பதுதான். மனைவி சாமிப் படத்துக்குச் சாம்பிராணி காட்டுவாள். புகை அலாரம் கத்தாமலிருக்கக் கதவைத் திறந்துவிடுவாள். புகை என் தோளைத் தாண்டி நேரே வானத்துக்குப் போகும். அன்றும் போனது. சீஃபியஸ் மண்டலமே பால் கலந்ததுபோல் மங்கியது. அழகாகத்தான் இருந்தது, மணமாகவும்.

சிரித்துக்கொண்டே உள்ளே போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நட்சத்திரத்தைத் தள்ளிவிட்டது அவளுடைய புகை என்றேன். ஆனால் அதைப் புகை என்று அறியாதவன் நான் என்றேன். அளந்து காட்ட இனி என்னிடம் ஒன்றுமில்லை, இருந்தாலும் ஒருமுறை வந்து பார்க்கிறாயா என்று கேட்டேன்.

அவள் தணல் அணைவதைப் பார்த்தபடியே சொன்னாள்:

"சாம்பிராணி நூரட்டும், வாறன்."