பதினோராம் நம்பருக்குத் தண்ணீர்

பல்லாவரம் கல் குவாரியை விட்டு நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ஓர் அலுமினியத் தட்டு. அன்று மதியம்தான் கூட வேலை செய்த ஒருவன் கால் மேல் பாறை உருண்டிருந்தது. அவனை லாரியில் ஏற்றி அனுப்பிய பத்தாவது நிமிடம் மேஸ்திரி விசில் ஊதி, எல்லோரும் வேலையைப் பாருங்கள் என்றார். நான் பார்க்கவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறித் தெற்கே நடந்தேன்.

எங்கே போகிறோம்? அந்த வயதில் அதையெல்லாம் என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை.

தாம்பரம் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மார்க்கெட் பக்கம் ஒரு விறகுத் தொட்டியில் கட்டை பிளக்க ஆள் வேண்டும் என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் இருந்த அடிபம்பில் குளித்தேன். விறகு வாங்க வந்த ஒரு வாலிபன் வந்த வேலையை மறந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சார்... நீங்க என்ன எக்சர்சைஸ் பண்றீங்க?"

என்னை சார் என்று கூப்பிட்ட முதல் ஆள்.

"கல்லு தூக்குவேன்."

"எத்தனை தடவை?"

"மேஸ்திரி போதும்னு சொல்ற வரைக்கும்."

இந்தக் கதையை இப்போது எடுக்கக் காரணம், போன வாரம் வந்த ஒரு கடிதம். மேடவாக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார் — ஊரெல்லாம் சுற்றி எல்லா வேலையும் பார்த்தவர் நீங்கள், வீட்டிலேயே பயிற்சி செய்து, சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி, தசை தனித்தனியாகத் தெரிகிற உடம்பைக் கொண்டுவர முடியுமா?

முடியும். எட்டு மாதத்தில் முடியும். நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் என்ன நடந்தது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

விறகு வாங்க வந்தவன் பெயர் டேனியல். வருஷம் எழுபத்திரண்டோ, எழுபத்துமூன்றோ... அவனுக்கு இருபத்துநான்கு வயது. எஸ்.எஸ்.எல்.சி. இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தேறாதவன். அவன் அப்பா மேற்குத் தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். குடியிருந்த வீடு பள்ளிக்கூடத்துக்குச் சொந்தம். அடுத்த மே மாதத்தோடு அவருக்கு ரிட்டயர்மெண்ட். அதோடு வீட்டையும் காலி செய்ய வேண்டும். குடும்பத்தில் வேறு சம்பாத்தியம் இல்லை.

இதற்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா?

குரோம்பேட்டையில் ஒரு வாலிபர் சங்கம் வருஷா வருஷம் மே மாதம் ஆணழகன் போட்டி நடத்தும். பக்கத்தில் இருந்த ஒரு தொழிற்சாலையின் வெல்ஃபேர் ஆபீசர் அதற்கு நடுவராக வருவார். முதல் இடம் வருகிறவனுக்கு ஸ்போர்ட்ஸ் கணக்கில் நிரந்தர வேலை — படிப்பு கேட்க மாட்டார்கள். முந்தின வருஷம் ஜெயித்தவன் கையில் டிபன் பாக்ஸோடு எலக்ட்ரிக் ட்ரெயினில் போவதை டேனியல் கண்ணால் பார்த்திருக்கிறான். அவ்வளவு போதும் அவனுக்கு.

கூட நின்று எடை பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டான். அவன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில் நான் படுத்துக்கொள்ளலாம் என்றார் வாத்தியார். வாடகைக்குப் பதில் வீட்டுக்கு விறகு பிளந்து போட வேண்டும். எனக்கு லாபம்தான்.

ஜிம்னாசியத்துக்கெல்லாம் போக வசதி ஏது? இரண்டு டால்டா டின்னில் சிமெண்ட் கரைத்து ஊற்றி, நடுவில் ஒரு கடப்பாரையைச் சொருகினான். அதுதான் எடை. இரண்டு நாற்காலிக்கு நடுவில் உடம்பை இறக்கி ஏற்றுவான். காலை உட்கார்ந்து எழுந்து ஐநூறு பஸ்கி, மாலை இருநூறு தண்டால். ஒவ்வொன்று முடிந்ததும் ஓடிப்போய் வீட்டுக்குள் இருந்த பீரோக் கண்ணாடியில் பார்ப்பான். அரைமணி நேரத்தில் என்ன முளைத்துவிடும்? ஆனாலும் பார்ப்பான்.

சாப்பாடு அதைவிடக் கொடுமை. அரிசியை விட்டான். இட்லியை விட்டான். ஊறவைத்த கொண்டைக்கடலை, வேகவைத்த மீன், நாலு முட்டை வெள்ளைக்கரு. மஞ்சள் கரு கொழுப்பு என்று ஒதுக்கிவிடுவான். எட்டு மாதம் அந்த மஞ்சள் கருவையெல்லாம் தின்றவன் நான்தான். மனசாட்சி உறுத்தியதா என்றால் இல்லை. பசி இருந்தது.

கோவளத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரி பாஞ்சாலி அக்கா ஒருநாள் அவன் மீனை வெறும் தண்ணீரில் வேகவைப்பதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாப்பா இது, மொளகா இல்ல, புளி இல்ல... செத்த மீன இன்னொருக்கா சாவடிச்சிகினு கீற?"

டேனியல் சிரிக்கவே இல்லை. சிரிக்கிற நிலையில் அவன் இல்லை. ஆனால் உடம்பு மாறியது. மார்ச் மாதம் வயிற்றில் நாலு கட்டு தெரிந்தது. ஏப்ரலில் ஆறு. தோள்பட்டைத் தசை கயிறு முறுக்கின மாதிரி பிரிந்து நின்றது. என் உடம்பிலும் தசை இருந்தது — ஆனால் அது மூட்டைக்குள் இருக்கிற சாமான் மாதிரி. இருப்பது தெரியும், என்னவென்று தெரியாது.

போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது ராயபுரம் பக்கம் குஸ்தி கற்றுக்கொடுக்கிற வஸ்தாது ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தான். அவர் சொன்னாராம் — உடம்பு நன்றாக இருக்கிறது, ஆனால் தோலுக்கும் தசைக்கும் நடுவில் தண்ணீர் நிற்கிறது, கட்டிங் முழுசாகத் தெரியவில்லை. கடைசி இரண்டு நாள் உப்பும் தண்ணீரும் கூடாது. நாக்கில் கொஞ்சம் தேன் தொட்டுக்கொள்ளலாம். முந்தின நாள் காலையில் விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் கழுவிவிட வேண்டும்.

மே மாத வெயிலில். தாம்பரத்தில்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. சொன்னேன். அவன் காதில் ஏறவில்லை. தானே கேட்டாலும் நான் தண்ணீர் கொடுக்கக் கூடாது, வீட்டில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்குக் கேட்டான். நான் சாமி படம் எங்கே என்று தேடினேன், சத்தியம் செய்ய.

"சத்தியம் பண்றது எங்க வேதத்துல பாவம் மச்சான். நீ ஆமான்னு சொல்லு. அது போதும்."

ஆமாம் என்றேன். சூடம் அணைத்துச் செய்கிற சத்தியத்தை நான் பல தடவை மீறியிருக்கிறேன். இந்த 'ஆமாம்' மட்டும் ஏனோ மீற முடியாததாகப் பட்டது.

சனிக்கிழமை காலை விளக்கெண்ணெய் குடித்தான். மதியத்துக்குள் ஏழு தடவை கொல்லைக்குப் போனான். அம்மா கேட்டதற்கு, மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்றான். அவர் கரைத்துக் கொடுத்த மோரைக் கொட்டகைக்குள் எடுத்துவந்து என்னிடம் நீட்டினான். நான்தான் குடித்தேன். அவன் அதைப் பார்க்காமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை. மாதத்தின் முதல் ஞாயிறு. சாயங்காலம் போட்டி, காலையில் சர்ச். அன்று நற்கருணை ஆராதனை என்பதை அவன் மறந்திருந்தான்.

நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வரிசை வரிசையாக எழுந்து போய் முழங்கால் போட்டு, போதகரான ஐயர் கொடுக்கிற அப்பத்தையும் திராட்சரசத்தையும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். டேனியல் வரிசை வந்தது. அவன் அப்பா எழுந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்தார்கள். அவன் எழவில்லை.

அப்பத்தில் உப்பு இருக்கும். ரசத்தில் தண்ணீர் இருக்கும். அதுதான் அவன் போட்ட கணக்கு. ஒரு விரல்கடை அப்பம், ஒரு மிடறு ரசம் — அதில் வயிற்றுக் கட்டு கரைந்துவிடும் என்று நம்பினான்.

ஆனால் சபைக்கு அது வேறு கணக்கு. திடப்படுத்தல் முடிந்து நற்கருணை வாங்கத் தகுதி பெற்ற பிள்ளை அதற்குப் போகாமல் உட்கார்ந்தால் மனதில் ஏதோ பெரிய பாவத்தை வைத்திருக்கிறான் என்று அர்த்தம். பெண்கள் பக்கத்திலிருந்து தலைகள் திரும்பின. அவன் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. முக்காட்டை மட்டும் இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

வீட்டில் விசாரணை. வாத்தியார் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நாற்காலியைப் போட்டு எதிரே உட்கார்ந்தார். என்ன செய்தாய், யாருக்குத் துரோகம், பெண் விவகாரமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டேனியல் உதடு வெடித்திருந்தது. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று மட்டும் சொன்னான். அவன் கெண்டைக்கால் தசை தானாகத் துடிப்பது நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது.

சொல்லிவிடலாமா? வாய் வரைக்கும் வந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் வெளியே போய் விறகு பிளந்தேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். குரோம்பேட்டை ஸ்டேஷன் படியை அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். போட்டி மைதானத்தை ஒட்டிய ஒரு வகுப்பறையில் எல்லோரும் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குப் பதினோராம் நம்பர். நான் முதுகில் எண்ணெய் தேய்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன் — அந்த அறையில் அவனைப் போல் ஓர் உடம்பு இல்லை. உடற்கூறு படம் மாதிரி ஒவ்வொரு நரம்பும் எழுந்து நின்றது. பக்கத்தில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

நாலாம் நம்பர் மேடையில் இருக்கும்போது தண்ணீர் கேட்டான். இல்லை என்றேன். ஆறாம் நம்பரின்போது மறுபடி கேட்டான். இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

எனக்கு அதுதான் பயமாகிவிட்டது. முதுகைத் தொட்டேன். எண்ணெய்தான் இருந்தது, வேர்வை இல்லை. தகரக் கூரை, உள்ளே இருபது பேர், எல்லோருக்கும் ஊற்றுகிறது — இவன் உடம்பு மட்டும் காய்ந்து கொதிக்கிறது. குவாரியில் இதைப் பார்த்திருக்கிறேன். வெயிலில் ஒருவனுக்கு வேர்வை நின்றுவிட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு அவனை நிழலுக்கு இழுப்பார்கள். உப்புத் தண்ணீர் கொடுப்பார்கள். அப்படி இழுக்கத் தாமதமான ஓர் ஆளை மறுநாள் புதைத்தோம்.

டீக்கடைக்கு ஓடினேன். ஒரு சொம்பு தண்ணீர், ஒரு பிடி உப்பு. திரும்பி வந்தபோது ஒன்பதாம் நம்பரைக் கூப்பிட்டிருந்தார்கள். டேனியல் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். சொம்பைப் பார்த்ததும் பல்லைக் கடித்துக்கொண்டான்.

"ஆமான்னு சொன்னியேடா..."

தாடையைப் பிடித்துத் திறந்து ஊற்றினேன். பாதியை வாந்தி எடுத்தான். மீதி உள்ளே போயிற்று. பதினோராம் நம்பர் என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். எழுந்தான். இரண்டு தொடையும் ஒரே நேரத்தில் இழுத்துக்கொண்டன. கட்டை மாதிரி விழுந்தான். இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். மூன்றாம் முறை. பிறகு பன்னிரண்டு.

டிஸ்பென்சரி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். கேட் மூடியிருந்தது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து தாண்டி ஓடினேன். டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். இன்னும் அரைமணி போயிருந்தால் என்று ஆரம்பித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் அந்த வெல்ஃபேர் ஆபீசர் விசாரிக்க வந்தார். நல்ல மனிதர்தான். நான் அவர் கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன் — உடம்பைப் பாருங்கள் சார், இவனை விட்டால் வேறு யார்?

"மேடை ஏறாதவனுக்கு நான் எப்படிப்பா வேலைக்கு நோட் போடறது?" என்றவர், வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். "நீதானே இவனைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தே? எங்க டிஸ்பாட்ச்ல லோடு ஏத்த ஆள் வேணும். காலைல எட்டு மணிக்கு கேட்டுக்கு வா."

வீட்டுக்கு ரிக்‌ஷாவில் கொண்டுபோனேன். எல்லாவற்றையும் சொன்னேன். வாத்தியார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மாதான் கேட்டார்.

"அப்ப... காலைல அவன் எழுந்து போகாதது இதுக்குத்தானா தம்பி? வேற எதுவும் இல்லையே?"

"வேற எதுவும் இல்லம்மா."

அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் எங்கே வைத்து எழுதுவது? வேலை போனது, வீடு போகப்போகிறது, பிள்ளை படுத்துக் கிடக்கிறான் — அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதார்.

ஜூனில் அவர்கள் கோவிலம்பாக்கத்தில் வயலோரமாக ஒரு சின்ன ஓட்டு வீட்டுக்குப் போனார்கள். அப்போது நான் அங்கே இல்லை. அது பிறகு கேள்விப்பட்டது.

போட்டிக்கு மறுநாள் காலை நான் பையை எடுத்துக்கொண்டு டேனியல் கட்டில் பக்கம் போனேன். விழித்துத்தான் இருந்தான். ஆபீசர் சொன்னதைச் சொன்னேன். போகட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் போ என்றுதான் சொல்லியிருப்பான். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

ரொம்ப நேரம் என் தோளையே பார்த்தான்.

"நீ ஒரு நாள்கூட கண்ணாடி பாத்ததில்லையேடா" என்றான்.

எட்டு மணிக்கு கேட்டில் நின்றேன். பெயரை எழுதிக்கொண்டார்கள். சட்டையைக் கழற்றச் சொல்வார்களோ என்று கை தானாகப் பொத்தானுக்குப் போனது. அதெல்லாம் வேண்டாம், அந்தப் பெட்டியைத் தூக்கு என்றார் அங்கிருந்த மேஸ்திரி.

தூக்கினேன்.