கண்ணாடிக்கு வெளியே தாய்

மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஆட்டோ ஓட்டும் ஸஹாப்தீனுக்கு ஐம்பத்தொரு வயது. இருபத்திரண்டு வருசமாக அதே தரிப்பிடம். குறுக்கே பாய்கிற பஸ்காரனைக்கூட அவர் ஏசியதில்லை. அப்படிப்பட்ட மனிதர் போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை, ஆட்கள் நிறைந்த கடைக்குள் நின்று தொண்டை கிழியக் கத்தினார்.

கடை துஷாந்த்துடையது. மீன், கிளி, முயல் எல்லாம் விற்றாலும் ஆட்கள் கூடுவது நாய்க்குட்டிகளைப் பார்க்கத்தான். வாசல் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே ‘வீட்டில் தாயோடு வளர்ந்த குட்டிகள்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். கிழமைக்கு ஒருமுறை நாவுல என்ற ஊருக்குப் போய் அந்தக் குட்டிகளை ஏற்றிவருவது ஸஹாப்தீனின் வேலை.

இந்த ஹயரை, வாடகை ஓட்டத்தை, பேசும்போதே அவர் தயங்கினார். நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் போட்டு. அவர் வளர்ந்த முறை அது.

“பெட்டியைத் திறக்கவே வேணாம் நானா. கேட்டுல குடுப்பாங்க, ஏத்திட்டு வாங்க, அவ்வளவுதான்” என்றான், அவரை அண்ணன் முறையில் நானா என்றே கூப்பிடும் துஷாந்த்.

அவரும் பின்சீட்டில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக்கொண்டு ஒன்றரை வருசம் ஓடினார். இரண்டு தடவை பெட்டிக்குள் ஒரு குட்டி செத்துக் கிடந்தது. “சூடு தாங்கல நானா” என்று துஷாந்த் அதைப் பையில் சுற்றிக் குப்பையில் போட்டான். ஸஹாப்தீன் மறுகேள்வி கேட்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அந்தச் சனிக்கிழமை நாவுலவில் நல்ல மழை. கேட்டில் யாரும் இல்லை. ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக அவர் உள்ளே நடந்தார்.

முன்பு பிரொயிலர் கோழி வளர்த்த நீளமான கொட்டகை அது. கோழிக்கூடுகளிலேயே நாய்களை அடைத்திருந்தார்கள். கூட்டுக்குத் தரை கிடையாது, கம்பி வலைதான். கழிவு கீழே விழுந்துவிட்டால் கழுவுகிற வேலை மிச்சம். முப்பது நாயாவது இருக்கும், அத்தனையும் பெட்டை. கம்பியிலேயே நின்று நின்று பாதங்கள் வெடித்திருந்தன. அந்நியன் வந்தால் நாய் குரைக்கும் என்றுதான் அவருக்குத் தெரியும். இங்கே ஒன்றும் குரைக்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன.

சாக்கைத் தலையில் போட்டபடி காவல்கார முதியவர் ஓடிவந்தார். ஸஹாப்தீன் சிங்களத்தில் கேட்டார், அவரும் மரியாதையாக ‘மஹத்தயா’ என்று விளித்து ஒளிக்காமல் சொன்னார். ஒரு பருவமும் விடாமல் சினைப்படுத்துவார்களாம். நாலு கிழமையில் குட்டிகளைப் பிரித்துவிடுவார்களாம்.

“கடையில எட்டுக் கிழமை என்று சொல்றாங்களே?”

“சின்னதா இருந்தாத்தானே மஹத்தயா விலை போகும்.”

பெட்டியைக் கொடுத்த கையோடு, கயிற்றில் கட்டிய ஒரு பழுப்பு நாயையும் முதியவர் இழுத்துவந்தார். முழங்கால்களில் மயிரில்லை. மடி தரையைத் தொட்டது. பெட்டிக்குள் கத்தும் நாலு குட்டிகளும் அதனுடையவைதான்.

“இது ஏழு ஈத்துப் போட்டிருச்சு, இனிப் பிரயோசனமில்லை. லக்கலக் காட்டுப் பாதையில கொண்டுபோய் விட்டிருங்க. கடைக்கார மஹத்தயாவுக்குத் தெரியும்.”

ஸஹாப்தீன் அங்கிருந்தே துஷாந்த்துக்கு போன் எடுத்தார்.

“ஆமா நானா, வழக்கமாப் போறவன் இன்னைக்கு வரல. காட்டோரமா விட்டுட்டு வாங்க.”

“அங்க ஆனை வார இடம் தம்பி. இதுக்கு ஓடவும் ஏலாது.”

“அதனாலதான் சொல்றேன். நம்ம கையால சாகலதானே.”

ஸஹாப்தீன் போனை வைத்தார். விரிப்பைப் பற்றி யோசிக்கவுமில்லை. நாயைத் தூக்கிப் பின்சீட்டில் குட்டிகளின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். வண்டியை லக்கலப் பக்கம் திருப்பாமல் நேரே மாத்தளைக்கு விட்டார்.

கடையில் சனிக்கிழமைக் கூட்டம். இரத்தோட்டைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் கிளார்க்காக இருக்கும் யோகேந்திரன், மனைவியோடு வந்து ஒரு குட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸஹாப்தீன் பழுப்பு நாயைத் தூக்கிவந்து, கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இறக்கிவிட்டார். கடை முழுக்க நாற்றம் பரவியது.

“வீட்டுல தாயோட வளர்ந்த குட்டியாம்! இந்தா, தாய்! நல்லாப் பாருங்க! இது வளர்ந்த வீடு கோழிக்கூடு!”

“நானா, பைத்தியமா உங்களுக்கு? வெளிய கொண்டுபோங்க!” துஷாந்த் மேசையைச் சுற்றி ஓடிவந்தான்.

“எங்க கொண்டுபோக? லக்கலக் காட்டுக்கா? ஏழு ஈத்துப் பெத்துக் குடுத்ததுக்கு ஆனைக் காலா கூலி? தாயைக் காட்டுல வீசிட்டு, பாலு மறக்காத பிள்ளைய விக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?”

யோகேந்திரன் கையிலிருந்த குட்டியை மெதுவாகத் திரும்ப வைத்தார். “தம்பி, இவர் சொல்றது உண்மையா?”

“சேர், அது வந்து... எல்லாக் கடையிலயும் இப்படித்தான்.”

“அப்ப உண்மைதான்” என்றார் யோகேந்திரனின் மனைவி. இருவரும் வெளியேற, இன்னும் நாலைந்து பேரும் பின்னாலேயே போய்விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த ஸஹாப்தீனிடம் மனைவி மஸூதா விசயத்தைக் கேட்டுவிட்டு, ஒரு வாளி தண்ணீரும் சிரட்டை நிறைய மண்ணும் கொண்டுவந்து வண்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“சீட்டைக் கழுவிரலாம். ஒண்டர வருசமா ஏத்தினதுக்கு அல்லாஹ்ட்ட என்ன சொல்லப் போறீங்க?”

ஸஹாப்தீன் மண்ணை அள்ளிச் சீட்டைத் தேய்த்தார். திங்கட்கிழமை ஹயரை விட்டுவிட்டுப் பொலிஸுக்குப் போனார். முறைப்பாட்டை எழுதிக்கொண்ட பொலிஸ்காரர், சட்டம் வெள்ளைக்காரன் காலத்தது, கோர்ட்டுக்குப் போனாலும் தண்டம் நூறு ரூபாதான் என்று சிரித்தார்.

“நூறு ரூபாய்க்கு ஒரு பிளேன்டீயும் வடையும் வாங்க ஏலாது சேர்! முப்பது உசிருக்கு அவ்வளவுதானா?” என்று ஸஹாப்தீன் அங்கேயும் கத்திவிட்டார். மிருக வைத்தியர் அலுவலகத்தில் மட்டும் ஒரு பெண் டொக்டர் முழுவதையும் கேட்டு, தானே ஒருநாள் நாவுலவுக்குப் போனார். அதற்குள் கொட்டகை காலி. நாய்களை எங்கே ஏற்றினார்கள் என்று யாருக்கும் தெரியாது.

பழுப்பு நாயையும் பெட்டியிலிருந்த நாலு குட்டிகளையும் அன்றைக்கே யோகேந்திரன் எடுத்துக்கொண்டார். தாய் மண் தரையில் நடக்கப் பழகவே பத்து நாள் ஆனதாம். துஷாந்த் கண்ணாடிப் பெட்டியில் இப்போது முயல் வைத்திருக்கிறான். குட்டிகளைப் போனில் படம் காட்டி விற்கிறான், எழுத்தும் அதே ‘தாயோடு வளர்ந்தது’தான். ஏற்றிவர வேறொரு ஆட்டோக்காரன் கிடைத்துவிட்டான். போன கிழமை ஸஹாப்தீன் அவன் வண்டியை மறித்து, பெட்டிக்குள் என்ன என்று கேட்டார். அவன் ஓரமாக வெட்டிப் போனான்.

வண்டி நம்பரைக் கையில் எழுதிக்கொண்டு, ஸஹாப்தீன் மறுபடியும் அந்த டொக்டரைத் தேடிப் போனார்.